மூன்று நாற்காலிக்கு ஒரே பெயர்ப்பலகை

பொது அறிவு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும், வழிகாட்டி நூல் எழுதுகிறவர்களுக்கும், செய்தி அறைகளில் தலைப்பு போடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை வகுப்பில் அரசமைப்புப் பாடம் நடத்துகிறவன் நான். உங்கள் மூன்று தரப்பாரின் எழுத்தையும் நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் சண்டைக்கு வரவில்லை. 'தலைமைத் தளபதி' என்ற ஒரே ஒரு சொல் என்னை நெடுநாளாகப் படுத்துகிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2021 டிசம்பர் 8. குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஜெனரல் பிபின் ராவத் இறந்த நாள். அன்று மாலை வகுப்பில் பாடம் ஓடவில்லை. எல்லார் கையிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 'முப்படைத் தலைமைத் தளபதி' என்றே அவரைக் குறித்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "சார், முப்படைகளின் தலைமைத் தளபதி குடியரசுத் தலைவர்னு போன வாரம்தானே எழுதச் சொன்னீங்க. அப்போ இவர் யார்?"

கூடவே இன்னொருவர்: "தரைப்படைத் தலைமைத் தளபதின்னு வேற ஒருத்தர் இருக்காரே சார்?"

இரண்டு கேள்வியும் நியாயமானவை. நான் பலகையில் குடியரசுத் தலைவர், ராவத், தரைப்படைத் தளபதி என மூன்று கட்டம் போட்டு விளக்கினேன். தலையாட்டினார்கள். அடுத்த மாதம் வைத்த மாதிரித் தேர்வில் அதே கேள்விக்கு நான்கு பேர் ராவத் பெயரை எழுதியிருந்தார்கள், இரண்டு பேர் பிரதமர் என்று எழுதியிருந்தார்கள். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பதவிகள் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. தமிழில் நாம் மூன்று நாற்காலிக்கும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இதைச் சொல் தகராறு என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். இந்தப் பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதைத் தீர்க்க நம் நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 'கமாண்டர்-இன்-சீஃப்', அதாவது தலைமைத் தளபதி, என்றால் படைக்குத் தலைவர் மட்டும் இல்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடம் உண்டு. பாதுகாப்புத் துறையும் அவர் கையில்தான். கட்டளை போடுகிறவரும் அவரே, அந்தக் கட்டளைக்குக் கொள்கை வகுக்கிறவரும் அவரே. டெல்லியில் வைஸ்ராய் மாளிகைக்குத் தெற்கே அவருக்குக் கட்டிய பெரிய வீட்டுக்கு ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்று பெயர். 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்தபோது பாதுகாப்புத் துறை பல்தேவ் சிங்கிடம் போனது. சீருடைக்காரர் கையிலிருந்து துறை முழுவதுமாக நழுவியது அப்போதுதான். 1948-ல் அந்த வீட்டுக்கு நேரு குடிபோனார், பெயர் தீன்மூர்த்தி பவன் ஆனது. படைத் தலைவரின் வீட்டில் பிரதமர்! எந்த அரசாணையையும் விட இந்த வீடு மாற்றம் விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

வீடு மாறியது, துறை மாறியது. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. 1949 ஜனவரி 15-ல் ஜெனரல் பிரான்சிஸ் ராய் புச்சரிடமிருந்து கரியப்பா பொறுப்பேற்றது 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பட்டத்தோடுதான்; அந்த நாளைத்தான் இன்றும் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். 1950 ஜனவரி 26-ல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் என்று அதில் எழுதியாகிவிட்டது. ஆனால் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் ஆளுக்கொரு கமாண்டர்-இன்-சீஃப் அப்படியே இருந்தார்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் 'குடும்பத் தலைவர்' என்று கையெழுத்துப் போடுவது போன்ற நிலைமை.

1955-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பதவிப் பெயரை மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் மூவரும் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' ஆனார்கள். ஜெனரல் ராஜேந்திரசிங்ஜிதான் தரைப்படையின் கடைசி கமாண்டர்-இன்-சீஃப். முதல் சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃபும் அவரே. (கடற்படைக்கு அப்போதும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிதான் தலைமை. 1958-ல் முதல் இந்தியத் தளபதியாகக் கட்டாரி வரும்வரை அந்த நிலைதான். பெயர் மாறின வேகத்தில் ஆள் மாறவில்லை.)

இப்போது என் குறை உங்களுக்குப் புரிந்திருக்கும். நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கழற்றிய பட்டத்தைத் தமிழில் நாம் தினமும் திருப்பி மாட்டிக்கொண்டிருக்கிறோம். 'தரைப்படைத் தலைமைத் தளபதி', 'கடற்படைத் தலைமைத் தளபதி', போதாக்குறைக்கு 2020 ஜனவரி 1 முதல் 'முப்படைத் தலைமைத் தளபதி'.

கடைசியாகச் சொன்ன பதவி இதில் எல்லாவற்றையும் விட வேடிக்கை. சிடிஎஸ் (சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்) என்று சுருக்கமாகச் சொல்லும், ராவத் வகித்த அந்தப் பதவிக்கு 2019 டிசம்பர் 24-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோதே ஒன்றைத் தெளிவாக எழுதி வைத்தது. மூன்று படைகளின் தளபதிகள் மீதும் அவருக்குப் படைக் கட்டளை செலுத்தும் அதிகாரம் கிடையாது. பாதுகாப்பு அமைச்சருக்கு மூன்று படைகளையும் சேர்த்துப் பார்த்து ஆலோசனை சொல்வது, படைத் தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவராக இருப்பது, புதிதாக உண்டான ராணுவ விவகாரத் துறையைக் கவனிப்பது, இவைதான் முக்கிய வேலை. கட்டளை அதிகாரம் இருந்தால் ஆலோசனை நடுநிலையாக இருக்காது என்பது காரணம். முப்படைத் தளபதிகளுக்குக் கட்டளை போடக் கூடாது என்று எழுதி வைத்த பதவிக்கு நாம் தேடிப்பிடித்து வைத்த பெயர் 'முப்படைத் தலைமைத் தளபதி'.

சரி, வழிகாட்டி நூல்காரர்களிடம் வருகிறேன். உங்களிடம் எனக்குள்ள வருத்தம் வேறு. நீங்கள் அரை வரியை அச்சடிக்கிறீர்கள்.

அரசமைப்பின் 53-ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு ஒரே வாக்கியம். பாதுகாப்புப் படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும் என்பது முன்பாதி. அதைச் செலுத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்பது பின்பாதி. முன்பாதியை நீங்கள் தடித்த எழுத்தில் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். பின்பாதியை நான் புரட்டிப் பார்த்த எந்த வழிகாட்டியிலும் காணவில்லை. மாணவர் என்ன செய்வார்? ஹாலிவுட் படத்தில் பார்த்த அமெரிக்க அதிபரை எடுத்து அந்த இடத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். "அணுகுண்டு பெட்டி குடியரசுத் தலைவர்கிட்ட இருக்குமா சார்?" என்ற கேள்வி எனக்கு ஆண்டு தவறாமல் வருகிறது.

இருக்காது. 2003 ஜனவரி 4-ல் அரசு அறிவித்த அணு ஆயுதக் கட்டளை ஆணையத்தில் அரசியல் குழு, செயற்குழு என இரண்டு உண்டு. பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமை அரசியல் குழுவுக்கு மட்டும்தான். அதன் தலைவர் பிரதமர். அமெரிக்காவில் பெயரும் அதிகாரமும் ஒரே ஆளிடம். 1951 ஏப்ரல் 11-ல் கொரியப் போர் நடக்கும்போதே அங்கே படையை நடத்திய ஜெனரல் மக்கார்தரை அதிபர் ட்ரூமன் பதவியிலிருந்து தூக்கியது அந்த அதிகாரத்தால்தான். இங்கே 74-ஆம் உறுப்பு குறுக்கே நிற்கிறது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும். 1976-ல் 42-ஆவது திருத்தம் அதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 1978-ல் 44-ஆவது திருத்தம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது: ஒருமுறை 'மறுபடி யோசியுங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் போருக்குப் போவதா, படையை எங்கே அனுப்புவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? பிரதமர் தலைமையில் பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் உட்காரும் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. அந்த அறையில் குடியரசுத் தலைவருக்கு நாற்காலியே கிடையாது.

இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர், "அப்போ ரப்பர் ஸ்டாம்புதானே சார்?" என்பார். முதல் பிழைக்குப் பதில் இரண்டாவது பிழை. இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன் தேர்வெல்லாம் வேண்டாம் என்று ராணுவத்தில் சேர்ந்தான். பயிற்சி முடிந்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் உறுதியேற்பு. 'கசம் பரேட்' என்பார்கள். அவன் அம்மாவும் அப்பாவும் என்னையும் அழைத்துப் போனார்கள். மைதானத்தில் வரிசையாக நின்ற பையன்கள் ஒரே குரலில் சொன்ன உறுதிமொழியில் இரண்டு விஷயம் என் காதில் தங்கின. ஒன்று, சட்டப்படி அமைந்த இந்திய அரசமைப்புக்கு உண்மையாக இருப்பேன். இரண்டு, நிலம், நீர், வானம் எதன் வழியாக அனுப்பினாலும் போவேன். குடியரசுத் தலைவரின் கட்டளைகளுக்கும் எனக்கு மேலே அமர்த்தப்பட்ட அதிகாரியின் கட்டளைகளுக்கும் உயிரே போவதானாலும் கீழ்ப்படிவேன். பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். 'உயிரே போவதானாலும்' என்பதை மகன் வாயால் கேட்க எந்தத் தாய்க்குத்தான் ஆகும்?

அதில் பிரதமர் பெயர் இல்லை. பாதுகாப்பு அமைச்சர் பெயர் இல்லை. தரைப்படைத் தளபதியும் 'மேலே அமர்த்தப்பட்ட அதிகாரி' என்பதற்குள் அடங்கிவிடுகிறார். அதிகாரி ஆகிறவருக்குத் தரப்படும் நியமனப் பத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உம் விசுவாசத்தின் மீதும் துணிவின் மீதும் நன்னடத்தையின் மீதும் நம்பிக்கை வைத்து உம்மை அதிகாரியாக நியமிக்கிறேன் என்று அதில் பேசுகிற 'நான்' குடியரசுத் தலைவர். ஆட்சி மாறினாலும் அந்தப் பத்திரம் செல்லும். புதிதாகச் சத்தியம் வாங்க வேண்டியதில்லை.

அந்தப் பையன் சத்தியம் செய்து கொடுத்தவரிடம் முடிவு எடுக்கும் உரிமை இல்லை. முடிவு எடுக்கும் அமைச்சரவைக்கு அவன் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அந்த அமைச்சரவையோ மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டும், செலவுக்கும் அதனிடமே கை நீட்ட வேண்டும். முடிவை நடத்திக் காட்டும் தளபதிக்கு மற்ற இரண்டுமே சொந்தம் இல்லை. மூன்று சாவியும் ஒரே இடுப்பில் தொங்கக் கூடாது என்பதுதான் கணக்கு. 'தலைமைத் தளபதி' என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்று சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துவிடுகிறது. என் கோபம் அதனால்தான்.

சாவிகள் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாடே போதும். 1958 அக்டோபர் 7-ல் பாகிஸ்தான் அதிபர் இஸ்கந்தர் மிர்சா ராணுவச் சட்டத்தை அறிவித்தார். படையின் கமாண்டர்-இன்-சீஃப் ஆயூப் கானைத் தலைமை நிர்வாகி ஆக்கினார். அக்டோபர் 27-ல் மிர்சா பதவியில் இல்லை. இருபதே நாள். அந்தப் பட்டத்தை அங்கே மாற்றியது 1972-ல். 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' ஆன பிறகும் கதை பெரிதாக மாறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெயர் மாற்றம் மட்டும் ஒரு நாட்டைக் காப்பாற்றிவிடாது.

பூட்டு வேறு விதமாகவும் போடலாம். ஜெர்மனியில் அமைதிக் காலத்தில் கட்டளை அதிகாரம் பாதுகாப்பு அமைச்சரிடம்; தற்காப்பு நிலை அறிவித்தால் சான்சலரிடம் போய்விடும். சுவிட்சர்லாந்தில் சாதாரண நாளில் 'ஜெனரல்' என்று ஒருவரே கிடையாது. ஆபத்து வந்தால் நாடாளுமன்றம் கூடி ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். 1939 ஆகஸ்ட் 30-ல் ஆன்ரி கிசானை அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ரப்பர் ஸ்டாம்ப் விஷயத்துக்குத் திரும்புகிறேன். 1998 டிசம்பர் 30-ல் கடற்படைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பாகவத்தை அரசு பதவிநீக்கம் செய்தது. பதவியில் இருக்கும் படைத் தளபதி ஒருவரைச் சுதந்திர இந்தியாவில் நீக்கியது அதுதான் முதல்முறை. அது சரியா தவறா என்ற வழக்கு இங்கே வேண்டாம். எந்தக் கருவியால் நீக்கினார்கள் என்பதைப் பாருங்கள். படையில் இருப்போர் எல்லாரும் 'குடியரசுத் தலைவர் விழையும் வரை' பதவி வகிக்கிறார்கள் என்கிறது 310-ஆம் உறுப்பு. அந்த விழைவு விலக்கிக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். முடிவு அமைச்சரவையுடையது; ஆனால் தளபதியின் தோளிலிருந்த அதிகாரம் யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரில்தான் அதைத் திரும்ப வாங்க முடிந்தது. படைமன்றம் (ராணுவ நீதிமன்றம்) விதித்த தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ 72-ஆம் உறுப்பு இடம் தருவதும் குடியரசுத் தலைவருக்குத்தான். அதுவும் அமைச்சரவை சொல்கிறபடிதான் என்றாலும், கடைசிக் கதவு அங்கே இருக்கிறது.

முத்திரைக்கு மதிப்பே இல்லை என்பவர்கள் 1975 ஜூன் 25 இரவை நினைத்துப் பார்க்கலாம். நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அப்போதைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் கூட்டி விஷயத்தைச் சொன்னார்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகர்ந்திருக்காது. அமைச்சரவை முடிவு செய்ததா என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால்? பின்னால் வந்த 44-ஆவது திருத்தம், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம் என்று விதி போட்டது அந்த இரவின் பாடத்தால்தான்.

செய்தித் தலைப்பு போடுகிறவர்களே, குடியரசுத் தலைவர் போர் விமானத்தில் ஏறும்போதெல்லாம் நீங்கள் உற்சாகமாகிவிடுகிறீர்கள். 2006 ஜூன் 8-ல் புனேயில் அப்துல் கலாம் சுகோயில் பறந்தபோது நானும் தொலைக்காட்சி முன்னால் வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுபத்து நான்கு வயதில் பறக்கும் உடை மாட்டிக்கொண்டு ஏணி ஏறினார் மனிதர். பிரதிபா பாட்டீல் 2009-லும் திரௌபதி முர்மு 2023 ஏப்ரலிலும் அப்படியே பறந்தார்கள். அழகான காட்சி. ஆனால் அந்த விமானத்தில் இருக்கை இரண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று. விருந்தினர் உட்காருவது பின் இருக்கையில். ஓட்டுவது முன்னால் இருப்பவர். அந்தப் படத்தைப் போட்டு 'களம் இறங்கினார் முப்படைகளின் தளபதி' என்ற மாதிரி எழுதினால் சிரிப்புத்தான் வருகிறது.

உச்சத் தலைமை படைக்கு அனுமதி கொடுப்பதை நாம் கண்ணால் பார்ப்பது ஆண்டுக்கு ஒருநாள். ஜனவரி 29 மாலை, விஜய் சவுக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. வாத்தியக் குழுக்கள் இசைத்து முடித்ததும் தலைமை இசை நடத்துநர் குடியரசுத் தலைவர் முன் வந்து, குழுக்களை அழைத்துப் போகலாமா என்று அனுமதி கேட்பார். கிடைத்த பிறகுதான் திரும்பி நடப்பார்கள். அடுத்த முறை அதை உங்கள் ஒளிபரப்பில் விளம்பரம் போட்டு வெட்டாமல் காட்டுங்கள். என் வகுப்புக்கு உதவும்.

இனி நான் கேட்பது. தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத் 'தளபதி' போதும். முன்னால் இருக்கும் 'தலைமை'யை எடுத்துவிடுங்கள், தலைப்பில் இடமும் மிச்சம். சிடிஎஸ்-க்கு நல்ல தமிழ்ப் பெயர் என்னிடம் இல்லை. 'முப்படை ஒருங்கிணைப்புத் தளபதி' என்று வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் மாணவர்கள் குழம்பவில்லை. அதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். குடியரசுத் தலைவரைக் குறிக்க 'உச்சத் தலைமை' என்ற சொல்லை ஒதுக்கி வைப்போம். 'தளபதி' என்ற சொல்லே அங்கே வேண்டாம். தளபதி என்றால் களத்தில் நிற்கிறவர் என்றுதான் தமிழ்க் காது கேட்கிறது.

வினாத்தாள்காரர்களுக்கு: 'முப்படைகளின் தலைமைத் தளபதி யார்?' என்ற கேள்வியைத் தயவுசெய்து ஓய்வுக்கு அனுப்புங்கள். போன வாரம் நான் வகுப்பில் கேட்டது இது: 'படையின் உச்சத் தலைமை யாரிடம் உள்ளது, அது எப்படிச் செலுத்தப்படும் என்கிறது 53-ஆம் உறுப்பு?' இரண்டு மதிப்பெண். பாதிக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் இரண்டு பாதியையும் எழுதியிருந்தார்கள். மீதிப் பேரில் ஏழு பேர் எங்கே படித்தோம் என்று தங்கள் வழிகாட்டி நூலை எடுத்து வந்து காட்டினார்கள். உங்கள் நூல்தான்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்

பின்குறிப்பு: 1947 ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 30 வரை 'சுப்ரீம் கமாண்டர்' என்ற பட்டத்தோடு டெல்லியில் ஒருவர் இருந்தார், ஃபீல்டு மார்ஷல் ஆக்கின்லெக். படையை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. களத்தில் படையை நடத்தும் அதிகாரம் இல்லை. இதை வைத்து ஒரு ஒரு-மதிப்பெண் வினா தயாரித்துவிடாதீர்கள்.